நிமிர்த்துச் சுவர்க் கட்டுமானத்தின் வரலாறு

நிமிர்த்துச் சுவர்க் கட்டுமானம் என்பது, சுவர்களைக் கட்டடம் அமையும் இடத்திலேயே தரையில் படுக்கைவாக்கில் கான்கிரீட்டால் வார்த்து, அவை இறுகியபின் தூக்கி நிமிர்த்தி அடித்தளத்தின்மேல் நிறுத்தும் முறையாகும். ஆங்கிலத்தில் இது 'டில்ட்-அப்' எனப்படுகிறது. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 'டில்ட் ஸ்லாப்', 'டில்ட் பேனல்' என்ற பெயர்கள் வழங்குகின்றன. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் தோன்றிய இம்முறை, இன்று சரக்குக் கிடங்குகள், தொழிற்கூடங்கள், பெரிய அங்காடிகள் ஆகியவற்றைக் கட்டப் பல நாடுகளில் பயன்படுகிறது.

இம்முறையில் சுவரை வார்ப்பது எப்போதும் எளிதாகவே இருந்தது. வார்த்த சுவரை எப்படித் தூக்குவது, தூக்கி நிறுத்தியதை எப்படிப் பிடித்து வைப்பது என்பவையே இதன் இரு பெருஞ்சிக்கல்கள். முதற்சிக்கலுக்கு விடை கிடைக்க ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் ஆயின. இரண்டாவது சிக்கலின் கடுமையைக் கலிபோர்னியாவின் நிலநடுக்கங்களே உணர்த்தின.

கட்டும் முறை

முதலில் கட்டடத்தின் தரைத்தளம் கான்கிரீட்டால் இடப்படுகிறது. பின்னாளில் கட்டடத்துக்குள் நடமாடும் தரையாக இருக்கப்போகும் அதே தளம், இப்போது சுவர்களை வார்க்கும் மேடையாகிறது. ஆகவே அது மட்டமாகவும் வழவழப்பாகவும் இருக்க வேண்டும். தளத்தில் உள்ள ஒவ்வொரு மேடுபள்ளமும் சுவரின் முகத்தில் அப்படியே பதியும்.

தளத்தின்மேல் ஒட்டுத்தடுப்புப் பூச்சு தெளிக்கப்படுகிறது. இது இல்லையெனில் புதிய கான்கிரீட் பழைய தளத்தோடு ஒட்டிக்கொண்டு, தூக்கும்போது சுவரோ தளமோ பெயர்ந்துவிடும். பூச்சு காய்ந்தபின் சுவரின் நான்கு விளிம்புகளிலும் மட்டும் அச்சுப் பலகைகள் நிறுத்தப்படுகின்றன. கதவு, சன்னல் வரும் இடங்களில் பலகையால் அடைப்புகள் வைக்கப்படுகின்றன. உள்ளே கம்பி கட்டப்படுகிறது. கூரையையும் முட்டுகளையும் பின்னர் இணைப்பதற்கான எஃகுத் தகடுகளும், கிரேனின் கொக்கியை மாட்டுவதற்கான செருகுகளும் கம்பிகளோடு சேர்த்துப் பொருத்தப்படுகின்றன. பிறகு கான்கிரீட் ஊற்றி மட்டம் செய்யப்படுகிறது.

இவ்வாறு வார்க்கப்படும் ஒவ்வொரு சுவர்த் துண்டும் பலகம் எனப்படும். பலகத்தின் எடையை ஓர் எளிய கணக்கால் அறியலாம். 8 மீட்டர் உயரமும் 6 மீட்டர் அகலமும் 18 சென்டிமீட்டர் தடிமனும் கொண்ட பலகத்தில் ஏறத்தாழ 8.6 கன மீட்டர் கான்கிரீட் இருக்கும். ஒரு கன மீட்டர் கான்கிரீட்டின் எடை சுமார் 2.4 டன். எனவே இப்பலகத்தின் எடை 20 டன்னுக்கு மேல். இதைவிடப் பல மடங்கு எடையுள்ள பலகங்களும் தூக்கப்படுகின்றன.

சில நாட்கள் நீராற்றி, கான்கிரீட் போதிய வலுப்பெற்றதும் கிரேன் வருகிறது. பலகம் தன் வாழ்நாளில் சந்திக்கும் மிகக் கடுமையான வளைவு பெரும்பாலும் தரையைவிட்டு எழும் அந்த நேரத்தில்தான் நேர்கிறது. நிமிர்ந்து நிற்கும் சுவரின் எடை நேராகக் கீழே இறங்குகிறது. படுத்திருக்கும் பலகத்தைச் சில புள்ளிகளில் மட்டும் பற்றித் தூக்கும்போதோ, அந்த முழு எடையும் பலகத்தை வளைக்கப் பார்க்கிறது. எத்தனை இடங்களில், எந்தெந்தத் தொலைவில் பற்ற வேண்டும் என்பதைப் பொறியாளர் முன்கூட்டியே கணக்கிட்டுச் சொல்கிறார்.

நிமிர்ந்த பலகம் அடித்தளத்தில் அமர்த்தப்பட்டு, செங்குத்து சரிபார்க்கப்பட்டு, சாய்வு முட்டுகளால் தாங்கி நிறுத்தப்படுகிறது. அடியில் உள்ள இடைவெளியில் சிமென்ட் கூழ் நிரப்பப்படுகிறது. எல்லாப் பலகங்களும் நின்றபின் கூரை அமைக்கப்படுகிறது. கூரையோடு சுவர் முழுமையாக இணைக்கப்பட்ட பிறகே முட்டுகள் அகற்றப்படுகின்றன. அதுவரை சுவரை நிறுத்தியிருந்தவை முட்டுகள். அதன்பின் சுவரின் தலையைப் பிடித்து நிறுத்துவது கூரை. இந்த ஓர் உண்மையே இம்முறையின் பிற்கால வரலாற்றைத் தீர்மானித்தது.

படுக்கைவாக்கில் வார்ப்பதன் காரணம்

கான்கிரீட் சுவரை நின்ற நிலையில் வார்க்க வேண்டுமானால் இருபுறமும் முழு உயரத்துக்கு அச்சு அடைக்க வேண்டும். ஈரக் கான்கிரீட் நீர்மம் போல் பக்கவாட்டில் அழுத்துவதால் அச்சு வலுவாக இருக்க வேண்டும். அதற்கு மரமும் ஆணியும் தச்சரின் உழைப்பும் மிகுதியாகத் தேவை. சுவர் இறுகியதும் அவ்வளவையும் பிரித்தெடுக்க வேண்டும். கான்கிரீட் வேலையில் கான்கிரீட்டைவிட அச்சுக்கே அதிகம் செலவாவது அரிதன்று.

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் சிமென்ட் பெருமளவில் கிடைக்கத் தொடங்கியபோது, மலிவான கான்கிரீட் வீடு என்ற கனவு பலரையும் பற்றிக்கொண்டது. அவர்களுள் தாமஸ் ஆல்வா எடிசனும் ஒருவர். முழு வீட்டையும் ஒரே வார்ப்பில் எடுத்துவிடும் திட்டத்தை அவர் வகுத்தார். அதற்கு ஏராளமான துண்டுகளாலான வார்ப்பிரும்பு அச்சு தேவைப்பட்டது. நியூஜெர்சியில் இம்முறையில் சில வீடுகள் எழுந்தன. எனினும் அச்சின் விலையும் சிக்கலும் ஒப்பந்தக்காரர்களை விலக்கிவைத்தன. எளிய குடும்பங்களுக்கு மலிவான வீடு என்ற எடிசனின் எண்ணம் பரவலாகவில்லை.

சுவரைப் படுக்க வைத்து வார்த்தால் இச்சிக்கல் பெரும்பாலும் மறைந்துவிடுகிறது. தரையே ஒரு பக்க அச்சு. மேற்பக்கம் திறந்திருப்பதால் அங்கு அச்சே தேவையில்லை. விளிம்புகளுக்கு மட்டும் பலகை போதும். கம்பி கட்டுவதும் கான்கிரீட்டைக் கெட்டிப்பதும் மட்டம் செய்வதும் தரையில் நின்றே செய்யும் வேலைகள். சாரம் கட்டி உயரத்தில் நின்று செய்ய வேண்டியதில்லை. ஆனால் அச்சில் மிச்சமான செலவு வேறொரு வடிவில் திரும்பி வந்தது. பல டன் எடையுள்ள பலகத்தை யார் தூக்குவது?

ராபர்ட் எய்கனின் சாய்மேசை

இக்கேள்விக்கு முதலில் விடை தேடியவர்களுள் குறிப்பிடத்தக்கவர் ராபர்ட் எய்கன். இல்லினாய் மாநிலத்தில் மிச்சிகன் ஏரிக்கரையில் இருந்த லோகன் முகாம், அம்மாநிலப் படையினரின் துப்பாக்கி சுடும் பயிற்சிக்களமாக இருந்தது. அங்குத் தடுப்புச் சுவர்களைத் தரையில் வார்த்து நிமிர்த்தும் முறையை எய்கன் கையாண்டார். அதை அடுத்துள்ள சயன் நகரில் 1906-ஆம் ஆண்டளவில் மெதடிஸ்ட் திருச்சபைக்காக ஒரு கோயிலையும் இம்முறையில் கட்டினார்.

எய்கன் தரைத்தளத்தை வார்ப்பு மேடையாகக் கொள்ளவில்லை. தனியே ஒரு பெரிய மேசையை அமைத்தார். அடித்தளத்தை ஒட்டி அம்மேசை கிடையாக வைக்கப்படும். கதவு, சன்னல் சட்டங்களும் கம்பிகளும் அதன்மேல் அடுக்கப்பட்டு, கான்கிரீட் ஊற்றப்படும். கான்கிரீட் இறுகியதும் திருகு ஜாக்கிகள் மேசையின் ஒரு பக்கத்தை மெல்ல உயர்த்தும். மேசை சாயச் சாயச் சுவரும் அதனோடு எழுந்து, இறுதியில் அடித்தளத்தின்மேல் செங்குத்தாக நிற்கும். பிறகு மேசை விலக்கப்படும்.

இந்த ஏற்பாட்டில் ஒரு பெரிய நன்மை உண்டு. எழும்போது பலகம் முழுவதையும் மேசை அடியிலிருந்து தாங்குகிறது. எனவே வளைவினால் பலகம் பிளவுபடும் அபாயம் குறைவு. கம்பிக் கான்கிரீட்டின் கணக்கீடுகள் இளமையாக இருந்த காலத்தில் இது சிறந்த முன்னெச்சரிக்கை.

தம் முறையையும் அதன் செலவையும் விளக்கி எய்கன் எழுதிய கட்டுரை, அமெரிக்கச் சிமென்ட் பயனீட்டாளர் சங்கத்தின் 1909-ஆம் ஆண்டு நடவடிக்கைத் தொகுப்பில் வெளிவந்தது. அச்சங்கமே 1913-இல் அமெரிக்கக் கான்கிரீட் கழகம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. இத்துறையின் முதல் ஆவணங்களுள் ஒன்றாக அக்கட்டுரை மதிக்கப்படுகிறது.

ஆனால் மேசையே எய்கன் முறையின் சுமையுமாயிற்று. அது கனமானது, விலை மிகுந்தது. ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கொண்டுசெல்வது கடினம். ஒரு சுவர் இறுகி எழும்வரை அடுத்த சுவரை அம்மேசையில் வார்க்க முடியாது. வேலை தொடர்ந்து கிடைக்காதபோது மேசை சும்மா கிடக்கும். எய்கனின் நிறுவனம் நிலைக்கவில்லை.

இர்விங் கில்லும் லா ஹோயா மகளிர் மன்றமும்

எய்கன் முறையின் உரிமையையும் கருவிகளையும் கலிபோர்னியாவின் கட்டடக்கலைஞர் இர்விங் கில் 1912-ஆம் ஆண்டளவில் வாங்கினார். 1870-இல் நியூயார்க் மாநிலத்தில் பிறந்த கில், சிகாகோவில் ஆட்லர்-சல்லிவன் அலுவலகத்தில் பணியாற்றியவர். பிராங்க் லாய்டு ரைட்டும் அதே அலுவலகத்தில் இருந்தவரே. கில் பின்னர் சான் டியேகோ நகருக்குக் குடிபெயர்ந்து அங்கே தொழில் நடத்தினார்.

கில்லின் கட்டடங்களில் அலங்கார வேலைப்பாடு இல்லை. வெறும் சுவர், வளைவு, தட்டைக் கூரை ஆகியவையே அவருடைய மொழி. சுவரும் தரையும் சேரும் மூலையை வளைவாக்கி, தூசி தங்கும் விளிம்புகளையெல்லாம் அவர் நீக்கினார். வீட்டைத் துடைத்துப் பேணும் பெண்களின் உழைப்பு குறைய வேண்டும் என்பது அவர் நோக்கங்களுள் ஒன்று. எளிய தொழிலாளருக்கும் நல்ல வீடு கிடைக்க வேண்டும் என்பதிலும் அவருக்கு ஈடுபாடு இருந்தது. விளிம்பில்லாத, பிதுக்கமில்லாத சுவரையே விரும்பிய ஒருவருக்குத் தரையில் வார்த்து நிமிர்த்தும் முறை இயல்பாகப் பொருந்தியது.

லாஸ் ஏஞ்சல்சில் பானிங் குடும்பத்துக்குக் கட்டிய வீட்டில் கில் இம்முறையைக் கையாண்டார். அதன்பின் 1914-இல் நிறைவுற்ற லா ஹோயா மகளிர் மன்றம் அவருக்கு நிலைத்த புகழைத் தந்தது. செய்தித்தாள் குடும்பத்தைச் சேர்ந்தவரும் பல பொது நிறுவனங்களுக்குக் கொடையளித்தவருமான எலன் பிரவுனிங் ஸ்கிரிப்ஸ் இக்கட்டடத்துக்குப் பொருளுதவி செய்தார். அதன் வளைவுத் தாழ்வாரச் சுவர்கள் தரையில் வார்க்கப்பட்டு நிமிர்த்தப்பட்டவை. கான்கிரீட்டின் எடையையும் அளவையும் குறைக்கக் கில் மேசையின்மேல் உள்ளீடற்ற சுட்ட களிமண் ஓடுகளை அடுக்கி, இடைவெளிகளில் கம்பி வைத்து, அவற்றின்மேல் கான்கிரீட் இட்டார். நூறாண்டுகளைக் கடந்தும் அக்கட்டடம் பயன்பாட்டில் உள்ளது.

கலையளவில் வென்ற இம்முறை, வணிக அளவில் கில்லுக்கு நட்டத்தையே தந்தது. இதற்கென அவர் தொடங்கிய நிறுவனம் நீடிக்கவில்லை. ஒரே அளவுள்ள பல சுவர்களை அடுத்தடுத்து வார்க்கும்போதுதான் இம்முறையில் செலவு குறையும். அவருக்குக் கிடைத்தவையோ பெரும்பாலும் தனித்தனி வீடுகளும் சிறு பொதுக் கட்டடங்களும். 1936-இல் கில் இறந்தபோது பெரிதும் மறக்கப்பட்டிருந்தார். 1960-இல் எஸ்தர் மெக்காய் எழுதிய கலிபோர்னியக் கட்டடக்கலைஞர் ஐவரைப் பற்றிய நூலே அவரை மீண்டும் கவனத்துக்குக் கொண்டுவந்தது.

கிங்ஸ் சாலை வீடு

மெக்காயின் நூலில் இடம்பெற்ற மற்றொருவர் ருடால்ஃப் ஷிண்ட்லர். 1887-இல் வியன்னாவில் பிறந்து, அமெரிக்காவுக்கு வந்து, ரைட்டின் அலுவலகத்தில் பணியாற்றியவர். இன்று மேற்கு ஹாலிவுட் எனப்படும் பகுதியில் கிங்ஸ் சாலையில் 1922-இல் தமக்கென ஒரு வீட்டைக் கட்டினார். ஷிண்ட்லர், அவர் மனைவி பாலின், நண்பர் கிளைடு சேஸ், அவர் மனைவி மரியன் என இரண்டு குடும்பங்கள் சேர்ந்து வாழ்வதற்கான வீடு அது. பொறியாளரான கிளைடு சேஸ், கில்லிடம் வேலை செய்தவர். நிமிர்த்துச் சுவர் முறையை ஷிண்ட்லரின் வீட்டுக்குக் கொண்டுவந்தவர் அவரே.

இங்கே முறை ஓர் அடிப்படை மாற்றத்தைப் பெற்றது. எய்கனின் மேசை கைவிடப்பட்டது. வீட்டின் கான்கிரீட் தரையே வார்ப்பு மேடையாயிற்று. பெரிய சுவருக்குப் பதிலாக 4 அடி அகலமுள்ள குறுகிய பலகங்கள் வார்க்கப்பட்டன. மேலே செல்லச் செல்லத் தடிமன் குறையும்படி அவை அமைந்தன. இத்தகைய பலகத்தை நிமிர்த்த இயந்திரம் தேவைப்படவில்லை. மூன்று கால்களை நாட்டி, கப்பியும் கயிறும் கட்டி, ஓரிருவரே இழுத்து நிறுத்த முடிந்தது. பலகங்களுக்கிடையே விடப்பட்ட 3 அங்குல இடைவெளிகளில் கண்ணாடி பொருத்தப்பட்டது. கனத்த சுவருக்குள் மெல்லிய ஒளிக்கோடுகள் விழுந்தன. ஒவ்வோர் அறையும் ஒரு பக்கம் கான்கிரீட் சுவரையும் மறுபக்கம் தோட்டத்தை நோக்கித் திறக்கும் இழுவைக் கதவுகளையும் கொண்டிருந்தது.

புதுமுறையை ஐயத்தோடு பார்த்த நகரக் கட்டட அலுவலர்கள் தற்காலிக அனுமதியையே வழங்கினர். இடையில் எப்போது வேண்டுமானாலும் வேலையை நிறுத்தும் உரிமையைத் தங்களிடம் வைத்துக்கொண்டனர். எனினும் வீடு நிறைவுற்றது. ஷிண்ட்லர் 1953-இல் இறக்கும்வரை அங்கேயே வாழ்ந்தார். நவீனக் கட்டடக்கலையின் முதன்மையான வீடுகளுள் ஒன்றாக அது இன்று பாதுகாக்கப்படுகிறது.

தரைத்தளத்தையே மேடையாகக் கொள்ளும் இந்த வழிதான் பிற்காலத்தில் நிலைத்தது. ஆனால் மனித வலுவால் தூக்க வேண்டியிருந்தவரை பலகம் சிறிதாகவே இருக்க வேண்டியிருந்தது. பெரிய கட்டடத்துக்கு இது உதவாது. அடுத்த இருபது ஆண்டுகளில் இம்முறை அங்கொன்றும் இங்கொன்றுமாகவே பயன்பட்டது.

கிரேனும் ரெடிமிக்ஸும்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் நிலைமை விரைவாக மாறியது. சாலையில் ஓடிவந்து, தூக்கும் வேலையை முடித்துவிட்டு, அன்றே வேறிடம் செல்லக்கூடிய நகரும் கிரேன்கள் பெருகின. ஆலையில் கலந்து சுழலும் லாரிகளில் வரும் ரெடிமிக்ஸ் கான்கிரீட்டும் பரவலாயிற்று. முன்பு பலகத்தின் அளவை மேசை தீர்மானித்தது, பின்னர் மனிதரின் கைவலு தீர்மானித்தது. இப்போது கிரேனின் திறன் தீர்மானித்தது. ஒப்பந்தக்காரர் கருவிக்கு முதலிட வேண்டியதுமில்லை. கிரேனை நாள்வாடகைக்கு எடுத்தால் போதும். எய்கனையும் கில்லையும் சாய்த்த சிக்கல் இவ்வாறு தீர்ந்தது.

தேவையும் அதே காலத்தில் எழுந்தது. தென்கலிபோர்னியாவில் விமானத் தொழிலும் பிற தொழில்களும் வளர்ந்தன. நகரைச் சுற்றியிருந்த பழத்தோட்டங்கள் தொழிற்பேட்டைகளாயின. அங்கு வேண்டியவை அழகிய கட்டடங்கள் அல்ல. ஒரே தளமுள்ள, உள்ளே தூண்கள் குறைந்த, பரந்த பெட்டி போன்ற கட்டடங்களே தேவைப்பட்டன. நிமிர்த்துச் சுவர் முறைக்கு இதைவிடப் பொருத்தமான வேலை வேறில்லை. பரந்த தரைத்தளம் எப்படியும் வேண்டும், அதுவே மேடையாகும். சுவர்கள் ஒரே அளவில் திரும்பத் திரும்ப வரும். ஒரு கிரேன் ஒரே நாளில் இருபதுக்கும் மேற்பட்ட பலகங்களை நிறுத்திவிடும். நேற்று வெறுந்தரையாக இருந்த இடத்தில் இன்று நான்கு சுவர்களும் நிற்பதைக் காண முடிந்தது.

கில் கனவு கண்ட எளிய மக்களின் வீடுகளுக்கு இம்முறை பயன்படவில்லை. கிடங்குகளுக்கே பயன்பட்டது. கலிபோர்னியாவிலிருந்து டெக்சாஸ், புளோரிடா முதலிய மாநிலங்களுக்கும், பின்னர் கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளுக்கும் இம்முறை பரவியது.

1971: சான் பெர்னாண்டோ நிலநடுக்கம்

இக்காலக் கலிபோர்னியக் கிடங்குகளின் சுவர் கான்கிரீட், கூரை மரம். மர உத்தரங்களின்மேல் ஒட்டுப்பலகைகளை ஆணியடித்துக் கூரை அமைக்கப்பட்டது. கூரை சுவரைச் சேரும் இடத்தில், சுவரின் உட்புறத்தில் நீளவாக்கில் ஒரு மரச்சட்டம் போல்ட்டுகளால் பொருத்தப்பட்டது. ஒட்டுப்பலகையின் ஓரம் அச்சட்டத்தின்மேல் ஆணியடிக்கப்பட்டது. கூரையின் எடையைச் சுவருக்குக் கடத்த இது போதுமானது. அன்றாட நிலையில் குறையேதும் தெரியவில்லை.

1971 பிப்ரவரி 9 அன்று காலை 6 மணிக்கு லாஸ் ஏஞ்சல்சின் வடக்கே சான் பெர்னாண்டோ பகுதியில் நிலம் நடுங்கியது. அப்பகுதியின் புதிய தொழிற்பேட்டைகளில் பல நிமிர்த்துச் சுவர்க் கட்டடங்களின் கூரைகள் சரிந்தன, சில சுவர்கள் வெளிப்புறமாக விழுந்தன. சுவரின் கான்கிரீட் பெரும்பாலும் உடையவில்லை. இணைப்பே தோற்றிருந்தது.

காரணம் எளிதில் விளங்கக்கூடியது. நிலநடுக்கத்தின்போது கனமான சுவர் கூரையைவிட்டு வெளிநோக்கி விலகப் பார்க்கும். அதைப் பிடித்து இழுக்க வேண்டிய விசை ஒட்டுப்பலகையின் ஆணிகள் வழியே மரச்சட்டத்தின் மேல்விளிம்புக்கு வருகிறது. சட்டத்தைச் சுவரோடு பிணைக்கும் போல்ட்டோ அதன் நடுவில் இருக்கிறது. இரண்டுக்கும் இடையே மரம் இழைக்குக் குறுக்காக வளைக்கப்படுகிறது. விறகு பிளப்பவர் இழையின் போக்கில் கோடரியை இறக்குவதற்கான காரணமே இங்கும் வேலை செய்கிறது. இழைக்குக் குறுக்கே இழுக்கப்படும் மரம் இழையோடு எளிதில் பிளந்துவிடும். சட்டம் நீளவாக்கில் பிளந்ததும் கூரையின் ஓரம் தாங்குதலை இழந்து கீழே விழுகிறது. தலைப்பிடிப்பு இல்லாத சுவர் தனித்து நிற்கிறது அல்லது சாய்கிறது.

இதையடுத்து அமெரிக்காவின் மேற்கு மாநிலங்கள் பின்பற்றிய ஒருசீர் கட்டட விதித்தொகுப்பு, 1973-ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து திருத்தப்பட்டது. சுவரைப் பிடிக்க மரச்சட்டத்தின் குறுக்கு வளைவை நம்புவது தடை செய்யப்பட்டது. சுவரையும் கூரை உத்தரங்களையும் எஃகுப் பட்டைகளால் நேரடியாகப் பிணைக்க வேண்டும் என்ற விதி வந்தது. அப்பிணைப்பு ஓரத்தோடு நின்றுவிடாமல், ஒரு சுவரிலிருந்து எதிர்ச்சுவர் வரை கூரையினூடே தொடர வேண்டும் என்பதும் விதியாயிற்று. ஒரு சுவர் வெளியே விழ முயன்றால் கூரை முழுவதும் அதைப் பிடிக்க வேண்டும் என்பதே இதன் உட்கருத்து.

மெல்லிய சுவர்ச் சோதனைகள்

இணைப்பைப் பற்றிய ஐயம் எழுந்தபின், சுவரின் தடிமனைப் பற்றியும் கேள்வி எழுந்தது. பழைய விதிகள் சுவரின் உயரத்துக்கும் தடிமனுக்கும் ஒரு விகித வரம்பை வைத்திருந்தன. நடைமுறையில் பொறியாளர்கள் அதைவிட மெல்லிய சுவர்களை நிறுத்தி வந்தனர். எது பாதுகாப்பானது என்பதை உறுதிசெய்ய, அமெரிக்கக் கான்கிரீட் கழகத்தின் தென்கலிபோர்னியக் கிளையும் தென்கலிபோர்னியக் கட்டமைப்புப் பொறியாளர் சங்கமும் சேர்ந்து 1980 முதல் 1982 வரை முழு அளவுச் சோதனைகளை நடத்தின.

சுமார் 24 அடி உயரமுள்ள கான்கிரீட், செங்கல், கட்டைக்கல் சுவர்கள் எழுப்பப்பட்டன. காற்றுப்பைகளைக் கொண்டு அவை பக்கவாட்டில் அழுத்தப்பட்டன. சுவர்கள் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வளைந்தும் உடனே சரிந்துவிடவில்லை. ஆகவே வெறும் விகித வரம்புக்குப் பதிலாக, சுவர் எவ்வளவு வளையும், அந்த வளைவால் எடை எவ்வளவு கூடுதலாகத் தாக்கும் என்று கணக்கிட்டு வடிவமைக்கும் முறை விதிகளுக்குள் வந்தது. மெல்லிய சுவருக்கு இவ்வாறு அறிவியல் அடிப்படை கிடைத்தது.

1994: நார்த்ரிட்ஜ் நிலநடுக்கம்

1994 சனவரி 17 அன்று அதிகாலை 4.31 மணிக்கு லாஸ் ஏஞ்சல்சின் நார்த்ரிட்ஜ் பகுதியை 6.7 அளவுள்ள நிலநடுக்கம் தாக்கியது. 400-க்கும் மேற்பட்ட நிமிர்த்துச் சுவர்க் கட்டடங்கள் சேதமடைந்தன. அவற்றுள் பல பழைய மரச்சட்ட இணைப்பு கொண்டவை. புதிய விதி வந்தபின்னும் பழைய கட்டடங்கள் பழையபடியே நின்றிருந்தன.

புதிய விதிப்படி கட்டியவற்றுள்ளும் சில தவறின. அகன்ற மரக்கூரை நிலநடுக்கத்தில் விறைப்பான பலகைபோல் அசைவதில்லை. அது வில்போல் வளைந்து ஆடுகிறது. அதன் நடுப்பகுதியில் அசைவு தரையின் அசைவைவிடப் பல மடங்காகிறது. அவ்விடத்தில் சுவரைப் பிடிக்கும் இணைப்புகளுக்கு, விதி எதிர்பார்த்ததைவிட மிகுந்த விசை வந்தது. 1997-ஆம் ஆண்டுப் பதிப்பில் இணைப்புகளுக்கான வடிவமைப்பு விசை உயர்த்தப்பட்டது.

லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் அதே 1994-இல் ஓர் ஆணையை இயற்றியது. 1976-க்கு முந்தைய விதிகளின்படி வடிவமைக்கப்பட்ட நிமிர்த்துச் சுவர்க் கட்டடங்களின் உரிமையாளர்கள், சுவர்-கூரை இணைப்புகளை வலுப்படுத்துவது கட்டாயமாயிற்று. இந்த வேலை அவ்வளவு கடினமானதன்று. சுவரில் துளையிட்டு எஃகுப் பிணைப்புகளைப் பொருத்தி உத்தரங்களோடு இணைத்தால் போதும். கட்டடத்தை மூடாமலே பெரும்பாலும் செய்துவிடலாம்.

இரு நிலநடுக்கங்களும் நிகழ்ந்த நேரம் கவனத்துக்குரியது. ஒன்று காலை 6 மணி, மற்றொன்று விடியற்கு முன், அதுவும் ஒரு பொது விடுமுறை நாள். இரண்டு வேளைகளிலும் கிடங்குகளிலும் தொழிற்கூடங்களிலும் ஆட்கள் மிகக் குறைவு. கூரைகள் வெற்றிடங்களின்மேல் விழுந்தன. பணிநேரமாக இருந்திருந்தால் இக்கட்டடங்களின் வரலாறு இறந்தவர்களின் எண்ணிக்கையோடு எழுதப்பட்டிருக்கும். விதிகளைத் திருத்தியவர்கள் இதை உணர்ந்தே செயல்பட்டனர்.

காற்றும் கூரையும்

சுவரின் தலையைப் பிடிப்பது கூரை என்ற உண்மையை நிலநடுக்கம் மட்டும் உணர்த்தவில்லை. 2011 மே 22 அன்று மிசௌரி மாநிலத்தின் ஜாப்ளின் நகரை மிகக் கடுமையான சூறாவளிச் சுழல் தாக்கி 150-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அங்கே இம்முறையில் கட்டப்பட்ட ஒரு பெரிய அங்காடியின் கூரையைக் காற்று பிய்த்தெடுத்தது. பிடிப்பிழந்த கான்கிரீட் பலகங்கள் அடுத்தடுத்துச் சரிந்தன. உள்ளே இருந்தோர் சிலர் இறந்தனர். இதன்பின் பொறியாளர்களிடையே விவாதம் எழுந்தது. கூரையை இவ்வளவு சார்ந்திருக்கும் சுவர் தகுமா என்று சிலர் கேட்டனர். அத்தகைய காற்றை எந்தச் சாதாரணக் கட்டடமும் தாங்காது என்றும், அங்காடிக்குள் தனியே வலுவான அடைக்கல அறை இருப்பதே தீர்வு என்றும் வேறு சிலர் கூறினர்.

கட்டும்போது முட்டுகளில் நிற்கும் பலகமும் இதே அபாயத்துக்கு உள்ளாகிறது. கூரை இல்லாத அந்நாட்களில் பலகம் காற்றுக்கு எதிரே விரித்த பாய்போல் நிற்கிறது. எனவே முட்டுகளின் எண்ணிக்கை, அவை ஊன்றும் இடம், அகற்றும் நேரம் ஆகியவற்றுக்குத் தனி விதிகள் உள்ளன. பலகத்தைத் தூக்கும்போது அது விழக்கூடிய எல்லைக்குள் எவரும் நிற்கக் கூடாது என்பது பணியிடத்தின் அடிப்படை ஒழுங்கு.

இன்றைய நிலை

1986-இல் இத்துறைக்கென அமெரிக்காவில் நிமிர்த்துச் சுவர்க் கான்கிரீட் சங்கம் தொடங்கப்பட்டது. ஆஸ்திரேலியா இம்முறைக்கெனத் தனித் தரநிலையை வகுத்துள்ளது. இரு கான்கிரீட் அடுக்குகளுக்கு நடுவே வெப்பத்தடுப்புப் பொருள் வைத்த பலகங்கள், குளிர்பதனக் கிடங்குகளுக்கும் குளிர்நாடுகளுக்கும் இம்முறையைக் கொண்டுசென்றன. பள்ளிகள், அலுவலகங்கள், தரவு மையங்கள், பல தளக் கட்டடங்கள் ஆகியவையும் இவ்வாறு எழுகின்றன. இணையவழி வணிகம் பெருகியபின் எழுந்த பெருங்கிடங்குகளில் பல இம்முறையைச் சேர்ந்தவை.

தொழிற்சாலையில் வார்த்து லாரியில் கொண்டுவரும் முன்வார்ப்புக் கான்கிரீட்டிலிருந்து இது வேறுபட்டது. முன்வார்ப்புப் பலகத்தின் அகலத்தைச் சாலையும் பாலமும் கட்டுப்படுத்தும். நிமிர்த்துச் சுவர் சாலையில் பயணம் செய்வதே இல்லை என்பதால் அக்கட்டுப்பாடு இல்லை. ஆனால் வார்ப்பதற்குப் பரந்த தளமும், கிரேன் நகர இடமும் வேண்டும். நெருக்கமான நகர்ப்புற மனைகளுக்கு இது ஏற்றதன்று.

எய்கனின் மேசை, ஷிண்ட்லரின் மூன்று கால் தூக்கி, இன்றைய கிரேன் என்று தூக்கும் வழி மாறிக்கொண்டே வந்துள்ளது. சுவர் நிற்பதற்கான நிபந்தனை மட்டும் மாறவில்லை. முட்டு அகற்றப்பட்ட நாள் முதல் சுவரின் பாதுகாப்பு, அதைக் கூரையோடு பிணைக்கும் சில எஃகுப் பட்டைகளில் அடங்கியிருக்கிறது. பழைய கட்டடம் ஒன்றை ஆய்வு செய்யும் பொறியாளர் இன்றும் சுவரைத் தட்டிப் பார்ப்பதோடு நிற்பதில்லை. ஏணி வைத்து ஏறி, சுவரும் கூரையும் சேரும் இடத்தைத்தான் முதலில் பார்க்கிறார்.